அப்பாவின் ஹொச ஜன்மா

மேலாளர் தன் நாற்பத்தைந்தாவது பிறந்தநாள் கேக்கை வெட்டியபோது ஆபீஸில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வரவில்லை. "இனிமேதான் எனக்கு லைஃபே ஸ்டார்ட்" என்று அவர் என்னை அணைத்தபோது தலையிலிருந்து சாய வாடை அடித்தது.

தொண்ணூற்றெட்டில், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் ஒற்றை அறை வீட்டிலும் ஞாயிறுதோறும் இதே வாடைதான். நாற்பது தாண்டிய அப்பா பழைய டூத் பிரஷ்ஷால் மீசைக்குச் சாயம் பூசுவார். யாரோ நடத்திய 'புதுவாழ்வு' வகுப்புக்கு மூன்று நாள் போய்வந்தவர், அம்மாவின் கையையே பிடித்துக் குலுக்கினார்.

"இது எனக்கு ஹொச ஜன்மா, தெரியுமா?" என்றார், பக்கத்து வீட்டுக்கும் புரியட்டும் என்று கன்னடம் கலந்து.

"புதுப் பொறப்பா? அப்ப பழைய பொறப்புல பெத்ததுங்கள யாருய்யா பாக்குறது?" என்றாள் அம்மா.

"பொண்ணுக்கு எதுக்குடி பி.யு.சி.? கார்மென்ட்ஸுல ஆள் எடுக்குறாங்கல்ல."

அக்கா பத்தாவது பாஸாகியிருந்தாள். அவளை மேலே பி.யு.சி., அதாவது ப்ளஸ் டூ, படிக்கவைக்க அம்மா சேர்த்த பணம்தான் அந்த வகுப்புக்கும் அதற்காக அப்பா தைத்துக்கொண்ட சஃபாரி சூட்டுக்கும் போயிருந்தது. ஜூனில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். நடுவயதில் புதிதாகப் பிறந்தோம் என்று யார் சொன்னாலும் எனக்கு அருவருப்புதான் வருகிறது. அப்பா பிறந்ததற்கு ஆன செலவு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.