என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை

நன்னிலம் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். பெல்ட் சத்தம் மாறினால் தெரிய வேண்டும் என்று நாங்கள் யாரும் காதை மூட மாட்டோம். போன தாளடி அறுப்பு முடிந்தும் என் காதுக்குள் மட்டும் மெஷின் நிற்கவில்லை. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்தேன்.

தஞ்சாவூரில் மூன்று டாக்டர்கள் ஏறிட்டும் பார்க்காமல் மாத்திரை எழுதினார்கள். "கண்டுக்காதீங்க, போயிடும்" என்றார் ஒருவர். அவர் காதில் ஒரு நாள் இரைந்தால் கண்டுக்காமல் இருப்பாரா?

கடைசியில் காதுப் பரிசோதனை செய்த அம்மாதான், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். செவி மந்தமானதைக் கண்டுபிடித்து, காது மெஷின் மாட்டிவிட்டார். இரைச்சல் பாதி அடங்கியது.

இப்போதெல்லாம் டாக்டர் பேனாவை எடுப்பதற்குள் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காதுமூடி இல்லாமல் வண்டியில் ஏறுவதில்லை.

"என்னப்பா, பாட்டு கேக்குறியா?" என்கிறார்கள் வயல்காரர்கள்.

"இல்லைங்க, மிச்சக் காதைக் காப்பாத்துறேன்."