என் வீட்டுக்காரருக்கு ஜாமீன் தேடிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாசத்தோடு ஒரு வருஷம் முடிகிறது. வருஷாப்திக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் என் வணக்கம். தங்கை என்ற முறையில் நான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். ஐந்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. எழுதினால் முகம் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில், கூலிக்கு நெய்யும் வீட்டில். அவருக்குப் பதினாறு வயசில் அப்பா காலமானார். பின்னாலேயே அம்மாவும் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எனக்கு எல்லாம் அண்ணன்தான். நெய்வதும் அவர், உலை வைப்பதும் அவர். அவர் வைக்கிற ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும். கேட்டால், "நாக்கு சுரீர்னு இருந்தாத்தாம்மா தூக்கம் வராது" என்பார். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு தறியில் இறங்கிவிடுவார்.

எங்கள் அத்தையைச் சிலோனில் கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தது. அத்தை மகன் அங்கேயே பிறந்தவர், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்காரர். அத்தையும் மாமாவும் போனபிறகு கடையை முடித்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார். எழுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். முறை மாப்பிள்ளை என்று அண்ணனே பேசி, முருகன் கோயிலில் தாலி கட்டி வைத்தார். கல்யாணம் ஆகிவிட்டால் இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இல்லை என்று வெளிநாட்டுக்காரர்கள் பதிகிற போலீஸ் ஆபீசில் சொன்னபோதுதான் தெரிந்தது. சில மாசத்துக்குத்தான் அவருக்கு விசா. மேலே தங்க வேண்டுமானால், இவரை வைத்துக் காப்பாற்ற வசதியுள்ள உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆளுக்குச் சொத்தும் வருமானமும் இருக்கிறதென்று தாசில்தார் ஆபீசில் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் கப்பல் ஏற வேண்டியதுதான். அங்கே என்னைக் கூட்டிப்போக அவருக்கு வீடுமில்லை, வேலையுமில்லை. எனக்கு அப்போது மூன்றாம் மாசம்.

அண்ணனுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு தறி. வீடு வாடகை. தறியில் ஓடும் பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. கையில் வருவது கூலி.

எதிர்வீட்டுத் தறிக்காரர்தான் யோசனை சொன்னார். "சொந்தமா பட்டு வாங்கி நெய்யறவர்னு காட்டிடலாம்பா. எங்க வூட்ல முடிஞ்ச புடவை மூணு இருக்குது. பக்கத்து வூட்லயும் தருவாங்க. பொட்டில அடுக்கி வை. எது யாருதுன்னு எழுதி ஒட்டிக்கினா இருக்குது?"

"பொய்யாச்சே மாமா" என்றார் அண்ணன்.

"சரிப்பா, நீ அரிச்சந்திரனாவே இரு. உன் தங்கச்சி புள்ள கப்பல்ல போயி அப்பன் மூஞ்சியப் பாத்துக்கினு வரட்டும்."

அண்ணன் எழுந்து பெட்டியைக் காலி செய்தார். மறுநாள் எட்டுப் புடவை எங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. எட்டும் முதலாளிகள் புடவை.

தாசில்தார் ஆபீசிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். என் வீட்டுக்காரர் அன்று காலையிலேயே போலீஸ் ஆபீசில் விலாசம் பதியப் போயிருந்தார். நான் வடையும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வந்தவர் நல்ல மனுஷர்தான். தறியைப் பார்த்தார், "மாசத்துக்கு எத்தினி புடவை எறங்கும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அண்ணன் பெட்டியைத் திறந்து காட்டினார். அரக்கு நிறத்தில் பச்சைக்கரை போட்டது ஒன்று மேலாக இருந்தது. ஒரு வடையைக் கடித்து வைத்துவிட்டு, அந்த எண்ணெய்க் கையோடு அவர் ஜரிகையைத் தொடப்போனார்.

கூலி நெசவு வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் பேச வருகிற வயசிலேயே வருகிற சொல் ஒன்று உண்டு. கறை பட்டால் அந்தப் புடவை நம் தலையில் விழும். அதனால் யார் கை நீட்டினாலும் அது தானாக வாயில் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

"ஐயா, கைய எடுங்க! முதலாளி புடவை!"

அந்நிய ஆம்பிளையிடம் நான் அதுவரை பேசினதே கிடையாது.

அவர் கையை எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். "அப்ப இது உம்முது இல்லியா?"

பொம்பளைப் பிள்ளை தெரியாமல் சொல்கிறாள் என்று அண்ணன் சமாளித்திருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. "இல்லீங்க ஐயா. தங்கச்சி சொன்னதுதான் நெசம். தறி மட்டுந்தான் என்னுது."

"வெறும் தறிய வெச்சிக்கினு நான் இன்னாய்யா எழுதறது?" என்றார் அவர். திட்டவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மீதி வடை இலையிலேயே கிடந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்து, "என்ன சொன்னாங்க?" என்றார். அண்ணன் தறியில் இருந்தார். அவர் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்:

"அண்ணன்தான் பயந்துக்கினு, முதலாளி புடவைன்னு உளறிட்டாரு."

தறி நின்றது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை. "ஆமா மச்சான், வாய் தவறிடுச்சி" என்றார்.

"நான் போகணும்னா முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வெளியே போனார். இத்தனை வருஷமாக உறவுக்காரர் எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பது நான் சொன்ன அந்தப் பொய்யைத்தான்.

முதலாளிகள் புடவையைத் தன்னுடையதென்று காட்டின சேதி அண்ணனுடைய முதலாளி காதுக்குப் போயிற்று. தறியில் பாதி ஓடின பாவு நூலை அறுத்துக்கொண்டு போனார். தெருவில் வேறு யாரும் அண்ணனுக்கு வேலை கொடுக்கவில்லை. மேலே தங்கக் கொடுத்த மனு முடிவாகும்வரை என் வீட்டுக்காரரைப் போகச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அண்ணன் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் ஒரு நிலக்காரரிடம் வரப்பு வெட்டப் போனார். இரண்டாம் நாளே உள்ளங்கை கிழிந்துவிட்டது. நிலக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "இது மம்பட்டி புடிக்கிற கை இல்லியே, நீ யாருய்யா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். உளறினது யார் என்பதில் மட்டும் தன்னையே சொன்னார்.

நிலக்காரர் சிரித்தாராம். "பொய் சொல்ல வராத ஆளுக்காக ஜாமீன் போடறதுல எனக்கு இன்னாய்யா பயம்?" அவருக்கு நிலம் இருந்தது, சான்றும் கிடைத்தது. கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை. என் வீட்டுக்காரர் போலீஸ் ஆபீசுக்குக் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் அண்ணனும் கூடப் போய்வந்து தன்னிடம் சேதி சொல்ல வேண்டும்.

அப்படியே போனார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் போவார், பேசமாட்டார். அண்ணன் பத்தடி பின்னால் போவார். அதற்குள் நாங்கள் தனிக்குடித்தனம் வந்திருந்தோம்; கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நடந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை.

இந்த நாட்டுப் பிரஜை என்று என் வீட்டுக்காரருக்குக் காகிதம் வந்தபிறகும் கோபம் போகவில்லை. அண்ணன் கல்யாணத்துக்கு நான் தனியாகப் போனேன். பொங்கலுக்குப் பொங்கல் அண்ணி, "அவரு வரலியாம்மா?" என்று கேட்பார்கள். வேலை என்பேன். அண்ணி அதற்குமேல் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் காலமானபிறகு ஒரு நாள் அண்ணனிடம் போய், "இனிமேயாவது பசங்க கிட்ட சொல்லிடறேண்ணா" என்றேன்.

"இன்னாத்துக்குமா?" என்றார். "என் மேல கோவம்னா அவரு என் வூட்டுக்கு வரமாட்டாரு, அவ்ளோதானே. உன் மேல கோவம்னா கப்பல் ஏறியிருப்பாரு. எது தேவலாம், நீயே சொல்லு." அப்புறம் பேரனுக்கு மொட்டை போடுகிற விஷயத்துக்குப் போய்விட்டார். விட்டது பாரம் என்று நானும் எழுந்து வந்தேன்.

கடைசி மூன்று மாசம் அண்ணனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருப்பார். போன அன்று வாய்க்கரிசி போட என் பெரிய மகனைக் கூப்பிட்டார்கள். "எங்கப்பாவைக் காட்டிக் கொடுத்தவருக்கா?" என்று அவன் நடுவாசலில் நின்று சொன்னான். அண்ணி காதில் அது விழுந்தது. நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் எனக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

முசரவாக்கத்து நிலக்காரர் குடும்பத்துக்கும், அண்ணனைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தெருப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் உலை வைத்து எங்களைச் சாப்பிட வைத்த எதிர்வீட்டாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அண்ணியிடம் நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மன்னிப்புத்தான் கேட்கிறேன்.

இந்தத் தாளை அச்சாபீசுக்குக் கொண்டுபோகப் போகிறவன் என் பெரிய மகன். முதலில் படிக்கப் போகிறவனும் அவன்தான். பெரியவனே, எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. ஒரு வரியையும் எடுக்காதே. கொடுத்துவிட்டு நேரே அண்ணியிடம், உன் அத்தையிடம் போ. மாமா வீட்டில் நீ இதுவரை கை நனைத்ததில்லை. உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் என்னிடம் வா.