அரண்மனைக்கு முன்னால் நின்ற சித்தி

"ஆடாதீங்க, விலகிரும்" என்று சித்தப்பா ஒரு குரல் கொடுத்தால் போதும், ஏற்காட்டில் ஒரு கல்யாணக் கூட்டமே அப்படியே நின்றுவிடும். சந்தனக் கிண்ணத்தில் விட்ட விரல் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கும். லட்டைக் கடித்தவர் மெல்லாமல் நிற்பார். எங்கள் மலைப் பனிமூட்டம் அப்படிப்பட்டது. வாசல் வழியாக உள்ளே வரும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறைக்கும், காப்பி ஆறுகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் கிளம்பிப் போய்விடும். அதுவரை நின்றவர் நின்றபடி இருக்க வேண்டும். விலகிய நொடியில் சித்தப்பா பட்டனை அழுத்துவார். மஞ்சக்குட்டையிலிருந்து கிளியூர் வரை எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். சேலத்திலிருந்து வந்த சம்பந்திக்காரர்கள்தான் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டதென்று பதறிப்போவார்கள்.

கடைவீதியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். மலையில் கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவரை விட்டால் ஆள் கிடையாது என்பதில் தாங்க முடியாத பெருமை. அந்தப் பெருமையில் கெட்டது அவருடைய சொந்தக் கல்யாணம். தாலியைக் கட்டி முடித்த கையோடு எழுந்துபோய்க் காமிராவைத் தூக்கிக்கொண்டார் மனுசன். ஆல்பம் முழுக்க சித்தி மாலையும் கழுத்துமாக நிற்கிறாள், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம். மாப்பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், "அவருதானுங்க எடுக்கறாரு" என்பாள். ஊரில் இருக்கிற ஜோடிகளையெல்லாம் நெருங்கி நிற்கச் சொன்னவர், தன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொருவர் கையில் காமிராவைக் கொடுக்க அவருக்கு மனசு வராது. சித்தி கேட்டுக் கேட்டே வருஷங்கள் ஓடின.

எண்பதுகளில் ஒரு மார்கழி. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் சித்தப்பா சும்மா இருந்தார். நான் அப்போது பள்ளிக்கூட டீச்சர், எனக்கு அரைப்பரீட்சை லீவு. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துத் தெற்கே கோயில் கோயிலாகப் போனோம். கிளம்பும்போதே சித்தி கறாராகச் சொல்லிவிட்டாள். "ரோல்ல கடைசிப் படம் என்னுதுங்க. கடலுக்கு முன்னால நாம ரெண்டு பேரும் சேந்து நிக்கோணும். இல்லீன்னா ஊட்டுக்கு வந்து சோறு கேக்காதீங்க." சித்தப்பா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

வருகிற வழியில்தான் அந்த அரண்மனை. கடலைப் பார்த்த மாதிரி வளைவு வளைவாகத் தூண்கள், அலை வந்து தொடுகிற படிக்கட்டு. ராஜாக்கள் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது, ஒரு காவல்காரர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். விடிந்ததும் விடியாததுமாகப் போய் இறங்கினோம். சித்தி வேனிலேயே பட்டுப்புடவை மாற்றி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். சித்தப்பா எல்லாவற்றையும் சரிபார்த்து, நான் நிற்க வேண்டிய இடத்தில் காலால் ஒரு கோடு போட்டு, காமிராவை என் கையில் கொடுத்தார். "பட்டனை மட்டும் அழுத்து கண்ணு, வேற எதையும் தொட்டுறாதே." பச்சைக் குழந்தையைக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார். போய்ச் சித்தி பக்கத்தில் நின்றார். அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்து அரண்மனையை முழுசாக மூடிவிட்டது.

"ஆடாதீங்க, விலகிரும்" என்றார் சித்தப்பா.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். படத்தில் இருக்கப்போவது இரண்டே பேர். ஆனாலும் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றார். காவல்காரர் எங்களைச் சுற்றிச்சுற்றி வந்து, "என்ன, வேண்டுதலா?" என்று மெதுவாகக் கேட்டார். பதில் சொன்னால் ஆட வேண்டுமே, யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் எதற்கு வம்பு என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடல் மூட்டத்துக்கு எங்கள் ஊர் அவசரம் இல்லை. வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அந்த வெள்ளைக்குள் இருவரும் உதட்டை அசைக்காமல் பேசிக்கொள்வது எனக்குக் கேட்டது. சித்தப்பா தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுத் திணறினார். "விடுங்க, நானென்ன பாக்காததா" என்றாள் சித்தி. அப்புறம், "இத்தனை நேரம் நீங்க எம்பக்கத்துல நின்னதே இல்லீங்க" என்றாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார், யாரும் திரும்பவில்லை.

மூட்டம் ஒரு பக்கமாகக் கிழிந்தது. தூண்களில் வெயில் மஞ்சளாக விழுந்தது, கீழே மூட்டம் படிக்கட்டில் வழிந்தது, தூரத்தில் ஒரே ஒரு கட்டுமரம். நான் பட்டனில் விரலை வைத்தேன். சித்தப்பா கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பாய்ந்து வந்து காமிராவைப் பிடுங்கி, "நகரு கண்ணு" என்று என்னைத் தள்ளிவிட்டு எடுத்துவிட்டார். ரோல் முடிந்தது.

சித்தி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்தாச்சு."

"யாரை?"

சித்தப்பா குனிந்து ரோலைச் சுற்ற ஆரம்பித்தார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால் படம் பிரமாதமாக வந்துவிட்டது. அரண்மனைக்கு முன்னால் சித்தி, பக்கத்தில் அதே காலி இடம், கடல் இருந்த இடத்தில் வெறும் மூட்டம். பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினார். சுற்றுலா வந்தவர்கள், மூட்டத்தைப் பார்த்துவிட்டு, இது ஏற்காட்டில் எந்த இடம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சித்தி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "கிளியூர் போற வழியிலங்க, நேராப் போங்க, தெரியும்" என்று அனுப்பிவைத்தாள். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி அரண்மனையைத் தேடிவிட்டு வந்தவர்கள் சித்தப்பாவிடம் சண்டைக்கு நின்றார்கள். ஒரு கோடை முழுக்க இது நடந்தது. கடைசியில் அவரே கடையைப் பூட்டிவிட்டு வந்து, "கெளம்பு, சேலம் போலாம்" என்றார்.

சேலம் ஸ்டுடியோவில் பின்னால் தொங்கிய திரையில் நீலக்கடல், அதன் கரையில் ஓர் அரண்மனை. மூட்டம் பொட்டுக்கூட இல்லை. சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. சித்தியோ அந்த அரண்மனையே தன் பேரில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். லைட்டைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அந்த லைட்டக் கொஞ்சம் எறக்கி..." என்று விரலை நீட்டினார். தம்பி அழுத்திவிட்டான். சாயங்காலம் கழுவி வந்த படத்தில் சித்தப்பாவின் வாய் ஆவென்று திறந்திருந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்று கெஞ்சினார். "ஆளு பக்கத்துல இருக்கீங்கல்ல, அது போதுங்க" என்று சித்தி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, என் மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் தாத்தாவின் வாயை அழகாக மூடிவிடலாம் என்றான். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. சித்தி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாஞ் சாமி. வாய மூடுனா அவரு போட்டோ ஆயிருவாரு. இப்ப ஏதோ சொல்ல வாற மாதரயே இருக்குது. காலைல காப்பி குடிக்கறப்ப, என்னங்க, சொல்லுங்கன்னு நானும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."