யாவரும் சுகம்

1932ஆம் ஆண்டு நவம்பர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு அந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் அத்தையின் வீட்டில், கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடைதான் எனக்கு மேசை. எதிரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அத்தை மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மதினி என்றே அழைப்பேன்.

விடுதியில் அம்மை கண்டதால் எங்கள் கல்லூரியை மூடியிருந்தார்கள். நான் சித்தூருக்கு, அப்பாவிடம், போயிருக்க வேண்டும். தேர்வில் தவறியதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல், மதினியின் கல்யாண வேலைக்கு அத்தை அழைத்ததாக எழுதிப் போட்டுவிட்டு மலையேறி வந்திருந்தேன். அத்தை அழைக்கவில்லை.

கடிதம், திருநெல்வேலிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கு. தை மாதத்தில் கல்யாணம். அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். ஆனால் அவள் வாய் திறக்குமுன்பே முதல் வரியை எழுதி முடித்திருந்தேன். எங்கள் சனங்களின் கடிதங்கள் எல்லாம் அதே வரியில்தான் தொடங்கும். ‘கர்த்தருடைய கிருபையினாலே இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும்.’ சாவுச் செய்தி கொண்டுவந்த கடிதத்திலும் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

“யாருக்குச் சுகம்?” என்றாள் மதினி.

இரண்டு மாதமாக அவளுக்குக் குளிர்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். இரண்டு முறை தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தவளைத் தூக்கி வந்திருந்தார்கள்.

“எல்லாரும் எழுதுறதுதானே, மதினி?”

“எல்லாரும் எழுதுனா என் காய்ச்சல் போயிருமா? கர்த்தர் பேரைச் சொல்லிட்டு, அடுத்த வார்த்தையே பொய்யா வைக்கணுமா?”

அத்தை பதறிப்போனாள். “ஏட்டி, வாயை மூடு. சீக்காளின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிரும்.”

“ஏன், அவரு என்ன கொயினா மாத்திரையா?”

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவள் இணங்கவில்லை. மதினி என் பக்கம் திரும்பினாள். “அப்போ என் பேர்லயே எழுது.” மணப்பெண் தன் பெயரில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுதுவதா! அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். “வேண்டாம் தாயி, ஊரே சிரிக்கும். காய்ச்சலையும் என் பேர்லயே போட்டுத் தொலை.”

புதிய தாள் எடுத்தேன். காய்ச்சலை, அது வந்த மாதத்தை, விழுந்து கிடந்ததை, ஒன்று விடாமல் எழுதினேன். மதினி கண்ணை மூடிக்கொண்டு, ஜெபத்தில் இருப்பவளைப் போலக் கேட்டாள். அந்தக் கல்யாணத்தை வேண்டாமென்று நினைத்தவளல்ல அவள். நிச்சயத்துக்கு வந்த சேலையை அடிக்கடி பெட்டியிலிருந்து எடுத்து, உதறி, பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பவள். சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை அவளே ஒட்டினாள். ஒட்டிய உறையை உடனே என்னிடம் தராமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன், நான் மலையிறங்கிய பிறகு, பதில் வந்தது. ‘இவ்விடம் யாவரும் சுகம்’ என்று தொடங்கி, நான்காம் வரியில் சம்பந்தம் வேண்டாமென்று முடிந்ததாம். “அவங்களாவது சுகமா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மதினி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாளாம். அத்தை பின்னர் என்னிடம் சொன்னது இது.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மதினிக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது, வேறு வரன் இன்னும் அமையவில்லை. எழுதத் தெரியாதவள், யாரையாவது பிடித்து எனக்குக் கடிதம் எழுதச் சொல்வாள். போன மாதத்துக் கடிதம் ‘எனக்குப் பல்வலி’ என்று தொடங்கியது. அழகிய உரைநடைகளை நாளெல்லாம் பயிலும் நான், அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யாருக்கு?’ என்று கேட்கும் குரல் ஒன்று என்னுள் இருக்கிறது. அதை எனக்குத் தந்தவள் அவள். அதற்காக அவள் இழந்தது என்னவென்பதும் எனக்குத் தெரியும். இந்த நன்றியை அவளிடம் நேரில் சொன்னதில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுதிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு மணி அடிக்குமுன் எழுந்து, அதே கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். வழக்கமான முதல் வரியை விட்டுவிட்டு, ‘அத்தை என்னை அழைக்கவில்லை’ என்று தொடங்கினேன்.