குடத்துக்கு ஐந்து சமன்பாடு

கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவத்தைப் பட்டத்திலேயே கொடுத்துவிட்டதால் வேறெதிலும் கொடுப்பதில்லை. கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு பொருளாதார ஆய்விதழ் என் கட்டுரையை ஏற்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டுரைக்குப் பொருள் தேடி நான் அலையவில்லை. எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பு வாசலிலேயே இருந்தது. கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ஆளில்லாத குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். வைத்த குடமே உரிமை என்று ஐந்து சமன்பாடு போட்டு நிரூபித்தேன். அத்தனையும் இரண்டாம் மாடி ஜன்னலோரம் டீ குடித்தபடி கண்டுபிடித்தவை. கீழே என் மனைவி குடத்தோடு நின்றிருந்தாள்.

எழுதியது யார் என்று கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாது என்பது ஆய்விதழின் விதி. பெயர், கல்லூரி, ஊர் எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். எர்ணாவூர் 'ஒரு கடலோரத் தொழிற்பகுதி' ஆனது. மேற்கோள் பட்டியலில் காற்புள்ளிகளை இடம் மாற்றவே இரண்டு வாரம் போயிற்று. ஒன்று தவறினாலும் நாட்டின் பொருளாதாரம் சரிந்துவிடும் போல.

நான்கு மாதம் கழித்து, திருத்தி அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: "கட்டுரையாளர் இத்தகைய வரிசையில் ஒருமுறையாவது நின்றதாகத் தெரியவில்லை. நேரில் சென்று பார்ப்பது நல்லது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்து வளர்ந்த ஊரை நானே போய்ப் பார்க்க வேண்டுமாம்! மனைவியிடம் படித்துக் காட்டிக் கத்தினேன்.

அவள் அரிசி களைந்தபடி சொன்னாள்: "அந்தாளு கரெக்டாத்தான் சொல்லிகீறாரு. நீ என்னிக்காச்சும் கொடம் தூக்கிகீறியா?"

வீம்புக்கு மறுநாள் காலை நானே இரண்டு குடத்தோடு இறங்கினேன். எட்டாவது இடம் கிடைத்தது. குடத்தை வைத்துவிட்டு, என் கட்டுரையை நம்பி டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் குடங்கள் வரிசையின் கடைசியில் கிடந்தன.

"யாரு நகத்தினது?" என்றேன்.

"நான்தான்," என்றார் கீழ்வீட்டு அக்கா. "உன் பொண்டாட்டி இங்க நின்னா எல்லார் கொடத்தையும் பாத்துக்குவா. லாரி வந்தா வூடு வூடா கூவுவா. அதான் அவ கொடத்த நாங்க தொடறதில்ல. நீ யாருக்கு இன்னா பண்ண நைனா? வந்த, வெச்ச, டீ குடிக்கப் பூட்ட."

ஐந்து சமன்பாட்டில் ஒன்றில்கூட இது இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சும்மாவா சொன்னார்கள். வெட்கமாக இருந்தது. என் முறை வந்தபோது லாரியில் தண்ணீரும் இல்லை.

அந்த வாரம் முழுவதும் மனைவியைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். யார் குடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள், யாருக்கு விட்டுக்கொடுப்பார்கள், யாருக்கு மாட்டார்கள் என்று அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். மூன்று சமன்பாடுகள் குப்பைக்குப் போயின. பதில் கடிதத்தில், 'மதிப்பீட்டாளரின் மேலான ஆலோசனைக்கு நன்றி. நேரில் சென்று பார்த்தாயிற்று' என்று எழுதினேன்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். வேலை தப்பியது. நேரில் போனதால் கட்டுரை வெகுவாக மேம்பட்டிருப்பதாக மதிப்பீட்டாளர் பாராட்டியிருந்தார். அதையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஒரு நாள் போனதுக்கே இவ்ளோ நல்லா ஆயிடுச்சா?" என்றாள். "அப்ப டெய்லி போ."

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நான்தான் இறங்கினேன்.