முக்காலி அக்காவின் நிழல் வேட்டை

முக்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டு, மறுபடி உட்கார்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு மேலே பார்க்கிறார். வெயில் தோளில் விழுகிறது. திருப்தியில்லை. எழுந்து இன்னும் ஒரு சாண் தள்ளுகிறார். பழைய குடியிருப்பை வரிசை வரிசையாக இடித்துப் புதிதாகக் கட்டும் இடம் அது. அதன் நடு முற்றத்தில் மரம், பாதை, பெஞ்சு எல்லாம் எங்கெங்கே வர வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவர் வேலை. அங்கே குடியிருப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் முக்காலி அக்கா.

எந்த இடமானாலும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் அவருக்கு. நின்று பார்த்தால் இடம் பொய் சொல்லுமாம். கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பதற்கு முன் எந்த நாற்காலிக்குக் காற்று வருகிறது என்று நோட்டம் விடுவார் என்பது கணவரின் நெடுநாள் புகார். தச்சரிடம் சொல்லிச் செய்த அந்த முக்காலியை யாருக்கும் இரவல் தரமாட்டார். பரணில் ஏறப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது ஏணி ஒன்றை வாங்கிக் கொடுத்தாரே தவிர, முக்காலியைக் கொடுக்கவில்லை.

புல்லில் நடக்காதீர்கள் என்ற பலகையைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நடக்கக் கூடாதுன்னா புல்லு எதுக்கு? படமா வரைஞ்சு சுவத்துல மாட்டிக்கலாமே."

இப்பேர்ப்பட்டவர்தான் சறுக்கினார். பிற்பகலில் ஜனங்கள் எங்கே கூடுகிறார்கள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, மேற்கு வரிசைக் கட்டடத்தின் நிழல் விழும் இடத்தில் பெஞ்சுகளை வரைந்தார். இந்த நிழலே தாராளம் என்று, பாதைக்கு இடைஞ்சலாக நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டலாம் என்றும் குறித்துக் கொடுத்தார். மேற்கு வரிசையை இடித்துவிட்டு அங்கே வண்டி நிறுத்துமிடம் வரப்போவது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் உட்கார்ந்த சுகத்தில் அது நினைவுக்கே வரவில்லை. கட்டடம் போன மறுநாள் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார். முகத்தில் அறைந்தாற்போல் வெயில். வெட்கமாக இருந்தது. நல்லவேளை, மரத்தை இன்னும் வெட்டியிருக்கவில்லை.

பாதையை மாற்றச் சொல்லிப் பொறியாளருக்குத் தகவல் அனுப்பினார். பதில் வரவில்லை. நேற்று, அறுக்கும் இயந்திரத்தோடு ஆட்களே வந்துவிட்டார்கள். ஓடி வந்தவர் அடிமரத்தை ஒட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆட்களோடு வந்த பொறியாளர் வெயிலில் நின்றபடி வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"நீங்க வரைஞ்சதுலதானே மேடம் வெட்டச் சொல்லியிருக்கு?"

"ஆமா சார். தப்பு என்னோடது. இடிக்கப்போற கட்டடத்தோட நிழலை நம்பிட்டேன். பாதையை வளைச்சுக்கலாம் சார். இந்த மரத்தை இன்னொரு தடவை வளர்க்க நம்ம ஆயுசு பத்தாது."

கல் வந்து இறங்கியாயிற்று, திறப்பு விழா நெருங்குகிறது, இப்போது போய் வளை நெளி என்றால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று பொறியாளர் பொரிந்து தள்ளினார். பேச்சுக்கு நடுவே நெற்றியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஓரடி நகர்ந்தார், பிறகு இன்னும் ஓரடி. கோபம் தீராமலே மரத்தடிக்கு வந்து சேர்ந்திருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

முக்காலி அக்கா எழுந்தார். கைக்குட்டையால் முக்காலியைத் துடைத்து, பொறியாளர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.