ஸ்க்ரூ சாரும் கங்கையம்மாளின் கிளியும்

என் அத்திம்பேர் சாம்பசிவனுக்கு எந்தப் பொருளையும் முழுசாக விட்டுவைக்க மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். ரேடியோ, மிக்ஸி, சுவர்க்கடிகாரம், நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மேஜை ஃபேன் எல்லாம் அவர் கையால் பிரிந்தவைதான். பிரிப்பதில் சூரர். திரும்பப் பூட்டும்போது எப்படியோ ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாகிவிடும். "இது எங்கேருந்து வந்தது?" என்று அக்கா கேட்டால், "கம்பெனிக்காரன் ஜாஸ்தி போட்டுட்டான், அபிதா" என்பார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க அவரை ஸ்க்ரூ சார் என்றுதான் சொல்லும். கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். யாரும் அவர் கையில் ஒரு டார்ச் லைட்டைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு எண்பத்தெட்டில் பல்லாவரத்தில் டீச்சர் வேலை கிடைத்து அக்கா வீட்டுக்கு வந்தபோது, நானும் என் கைக்கடிகாரத்தைக் கழற்றாமலே தூங்கினேன். மனுஷர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். உள்ளுக்குள் வருத்தம்தான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

வீட்டுக்காரம்மா கங்கையம்மாள் பின்கட்டில் இருந்தார். அவருடைய கிளிக்குப் பட்டு என்று பெயர். அந்த வருஷம் பட்டு தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தது. கங்கையம்மாள் சோறு இறங்காமல் அலைந்தார். அத்திம்பேர் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று கண் மின்ன என்னிடம் ஓடி வந்தார்.

"காமு, அதுக்கு வியாதியே இல்லை. பிரிக்கறதுக்கு ஒண்ணும் கிடைக்கலை. அதான் தன்னையே பிரிச்சுக்கறது. எனக்குத் தெரியாதா அந்த அவஸ்தை?"

அவ்வளவுதான், வீடு தலைகீழாகிவிட்டது. தையற்கடையிலிருந்து நூல் தீர்ந்த மரக்கட்டைகள், தேய்த்து மழமழப்பாக்கிய கொட்டாங்கச்சித் துண்டுகள், வேப்பங்குச்சிகள். சாயம் பூசியது எதுவும் கூடாது. ஆணி, கம்பி, நூல் மூன்றும் வாசற்படி தாண்டக் கூடாது. பச்சைத் தென்னை ஈர்க்கில் எல்லாவற்றையும் கோத்து ஒரு பொம்மை செய்தார். கோப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தன் வாயில் போட்டுப் பார்த்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பொம்மையைக் கூண்டில் தொங்கவிட்டதும் பட்டு மூலையில் ஒடுங்கி அதை முறைத்தது. பிறகு ஒரு கட்டையைக் கவ்வியது பாருங்கள், அப்புறம் நிறுத்தவே இல்லை. கொட்டாங்கச்சி ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம் பறந்தது. சாயங்காலம் அத்திம்பேர் பட்டுவை வெளியே எடுத்து ஒரு கூடையில் வைத்துவிட்டு, பொம்மையை இறக்கி, பிளந்து சிம்பு விட்டதைத் தூக்கிப்போட்டு, மிச்சத்தைக் கழுவிக் காயவைத்து, புது ஈர்க்கில் கோத்து மாட்டினார். தினமும் இதே வேலை. இறகு பிடுங்குவது நின்றுபோனது. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, வெளியே சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பின்கட்டிலிருந்து அலறல் கேட்டது.

"சார், ஓடியா சார். உன் பொம்மை என் கொயந்த காலைப் புடிச்சிகினு கீது."

ஓடினோம். பட்டு ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது. அத்திம்பேர் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் ஏதோ தப்பாக் கட்டிட்டேன்" என்றார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கால் விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது கறுப்புக் கயிறு.

"இது யார் கட்டினது, அம்மா?"

கங்கையம்மாள் குரல் இறங்கியது. "நான்தாம்மா. அல்லாரும் வந்து வந்து பாத்தாங்க. கண்ணு பட்டுடும்னு அம்மன் கோயில்ல மந்திரிச்சிகினு வந்து பொம்மைல கட்னேன்."

பட்டு அந்தக் கயிற்றையும் பொம்மை என்றே நினைத்துப் பிரி பிரியாகப் பிரித்திருக்கிறது. விரல் வீங்கிக் கறுக்க ஆரம்பித்துவிட்டது. அத்திம்பேர் நெயில் கட்டரோடு வந்தார். கங்கையம்மாள் குறுக்கே நின்றார்.

"மந்திரிச்ச கயிறு சார். அறுத்தா அதுக்கு எதுனா ஆயிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அத்திம்பேர் மட்டும் மெதுவாகச் சொன்னார். "நான் அறுக்கலை, அம்மா. பட்டுவே அறுத்தாச்சு. மிச்சத்தை எடுத்துக் கொடுக்கறேன்."

கங்கையம்மாள் வீங்கிய விரலைப் பார்த்துவிட்டு விலகினார். "செரி சார். ஆனா பொயுது சாயறதுக்குள்ள திருஷ்டிக்கு வேற எதுனா கட்டியாவணும்."

நான் பட்டுவைத் துண்டில் சுற்றிப் பிடித்தேன். என் கட்டைவிரலை அது கடித்த கடி இன்னும் தழும்பாக இருக்கிறது. அத்திம்பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீங்கிய விரலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் கட்டரின் நுனியை நுழைத்தார். டிக் என்றது. பட்டு விரலை மடக்கியது, நீட்டியது. கங்கையம்மாள் அழுதுவிட்டார். நானும்தான்.

அன்று ஆபீசுக்கு மட்டம். பொம்மையை முழுசாகப் பிரித்து, கயிற்றின் பிசிறு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கினார். திருஷ்டிக்கு என்ன செய்வது என்று யோசித்தவர், மார்க்கெட் பக்கம் போய், ஒரு கடை வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழம் மிளகாயைப் பார்த்துவிட்டு, அதே சாமான்களோடு சைக்கிளில் பறந்து வந்தார். எலுமிச்சம்பழத்தைக் கூண்டுக்கு வெளியே தொங்கவிட்டார். உள்ளே, ஈர்க்கில் ஒரு கட்டை, ஒரு பச்சை மிளகாய், ஒரு கட்டை, ஒரு மிளகாய் என்று கோத்து மாட்டினார். கங்கையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பட்டு நொண்டிக்கொண்டே வந்தது. முதல் மிளகாயைப் பிய்த்துத் தின்றது. இரண்டாவதையும் தின்றது. நாங்கள் மூன்று பேரும் கங்கையம்மாளின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தோம்.

"திருஷ்டியயே துண்ணுட்சே" என்றார் அவர். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "துண்ணட்டும் சார். இனிமே எவன் கண்ணு இத்த இன்னா பண்ணும்? நாளைக்கும் இதே மாரி கட்டிக் குடு சார்."

அத்திம்பேர் கையில் மிச்சமிருந்த ஈர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரித்துப் போட்டதைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி அவரை யாருமே அதுவரை கேட்டதில்லை.

"சரின்னு சொல்லுங்கோளேன்" என்றாள் அக்கா. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கடிபட்ட என் விரலுக்கு மருந்து போட உள்ளே போனேன்.